இடைவெளி இல்லாத பெல்ட்

6 பிப்ரவரி 1928, திங்கள்

இன்றும் துறைமுகத்தில் எங்கள் கல் யார்டுக்காக ஒரு கப்பல் காத்துக் கிடந்தது. துரை என்னைக் கூப்பிட்டு, கப்பலில் கல் ஏற்றும் இந்த பெல்ட்டுக்கு மாட்டுவண்டி தேவலை என்றார். அடுத்த கப்பலையாவது சொன்ன நாளுக்குள் நிரப்பாவிட்டால் பெல்ட்டை எடைக்குப் போட்டுவிட்டு, கல்லைத் தானே வாரிப் போடும் கிரேன் ஒன்றைத் தருவிப்பாராம். கிரேன் வந்தால் கூடைக்காரிகள் யாரும் வேண்டாம். என் மனைவி அடைக்கலமேரியும் கூடைக்காரிதான்.

பெல்ட் மேஸ்திரியாகி இத்தனை வருஷமாகியும் அதைப் பார்த்து இன்னும் வாய் பிளக்கிறேன். ரயிலில் வந்த மாங்கனீசுக் கல்லைப் பெண்கள் சுமந்து வந்து தொட்டியில் கொட்டுகிறார்கள். அடியில் ஓடும் ரப்பர் பட்டை அதை வாங்கி, ஆள் தலைக்கு மேலே ஏறி, தண்ணீரைத் தாண்டிக் கப்பல் வயிற்றில் போடுகிறது. இதையா எடைக்குப் போடுவது? மனசு கேட்கவில்லை.

7 பிப்ரவரி, செவ்வாய்

மோட்டாரில் பெரிய சக்கரம் மாட்டி ஓட்டத்தைக் கூட்டினேன். வேகமாக ஓடினால் நிறையப் போகும் என்று நினைப்பு. கல் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி ஓரம் கிழிந்தது. கீழே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த கமாலின் தோளில் ஒரு கல்.

"இன்னா நைனா, கப்பலுக்குப் போடுறத எம்மேல போட்டுகினு கீற" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தி கெட்டவன் நான்.

8 பிப்ரவரி, புதன்

பழைய சக்கரத்தையே மாட்டினோம். கிழிந்ததைத் தைத்தோம். பிறகு பட்டையைத் தாங்கும் ஓரத்து உருளைகளை இன்னும் சாய்த்துத் தூக்கி வைத்தோம். தட்டையாக இருந்த பட்டை, குவித்த கை மாதிரி ஆழமாகிவிட்டது. சிந்துவது நின்றது. ஆனால் கப்பலுக்குப் போவது கூடவில்லையே, ஏன்?

மத்தியானம் உச்சியில் ஏறி நின்று பார்த்தேன். கல் குவியலாக ஒரு மேடு வருகிறது. பிறகு வெறும் பட்டை - வெறும் பட்டை - வெறும் பட்டை. பெல்ட் மெதுவாக ஓடவில்லை. பாதி நேரம் சும்மா ஓடுகிறது.

காரணம் பவுனம்மாள் அக்காவின் வரிசை. கூடைக்காரிகளுக்கு அவள்தான் தலைவி. அவள் முன்னே போவாள், மற்றவர்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் போவார்கள். அவளை முந்திக் கூடை இறக்கினால் அது அவளுக்கு அவமானம். அதனால் மொத்தக் கல்லும் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. எல்லோரும் திரும்பிப் போய் நிரப்பி வரும்வரை ஒன்றும் இல்லை.

9 பிப்ரவரி, வியாழன்

வரிசையை இரண்டாக்கலாம், ஒன்று கொட்டும்போது மற்றது நிரப்பட்டும், இரண்டாவதற்கு அடைக்கலமேரி முன்னே போகட்டும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பவுனம்மாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உம் பொண்டாட்டியத் தலைவியாக்கத்தான் இம்மாம் பேஜாரா, ராசையா?"

வீட்டில் அதைவிட மோசம். அடைக்கலமேரி சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். "அக்காவ முந்தி நா எப்டியா போவேன்? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு அவங்களாண்ட பேசுவேன்?" என்றாள்.

கிரேன் வந்தா முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோஜனம்?

10 பிப்ரவரி, வெள்ளி

கப்பல் வந்துவிட்டது. பவுனம்மாள் யார்டுக்கு வரவில்லை, அவளில்லாமல் ஒருத்தியும் கூடையைத் தூக்கவில்லை.

11 பிப்ரவரி, சனி

விடிந்ததும் பவுனம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வரிசைக்கும் நீதான் தலைவி, நீ சுமக்க வேண்டாம், தொட்டி வாயில் நின்று எந்த வரிசை எப்போது கொட்டுவது என்று கை காட்டினால் போதும் என்றேன்.

"அப்ப நா சொன்னாத்தான் கல்லு வுழும்?"

ஆமாம் என்றேன். "சரி, போ. வர்றேன்."

வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? அவள் ஒரு கையைத் தூக்கினால் ஒரு வரிசை, மறு கையைத் தூக்கினால் மறு வரிசை. பட்டையில் ஒரு சாண் இடம் காலியில்லை. கறுகறுவென்று, நிறைந்து, அறுபடாமல் ஏறிக்கொண்டே இருந்தது. அதே மோட்டார், அதே பட்டை. கமால் எண்ணெய்க் குவளையோடு அண்ணாந்து நின்றுவிட்டான். இவ்வளவும் இத்தனை நாள் இதற்குள்ளேயா இருந்தது?

15 பிப்ரவரி, புதன்

சொன்ன நாளுக்கு முன்பே கப்பல் கிளம்பிவிட்டது. கிரேன் வேண்டாம் என்று துரை தந்தி கொடுத்தாராம். அடைக்கலமேரி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

18 பிப்ரவரி, சனி

இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர்களுக்கு நாள் கூலி. கப்பல் சீக்கிரம் நிரம்பினால் வேலை நாள் குறைகிறது. அதே கல்லை மூச்சுவிட நேரமில்லாமல் சுமந்துவிட்டு, முன்னைவிடக் குறைந்த கூலி. அடைக்கலமேரி காசைப் பாயில் வைத்தாள்.

"உன் பெல்ட்டு நல்லாத்தான் ஓடுது."

துரையிடம் போய், கப்பலுக்கு இவ்வளவு என்று கூலி கொடுங்கள் என்றேன். உன் வேலை பெல்ட், அதைப் பார் என்றார். அதை அடைக்கலமேரியிடம் வந்து சொன்னேன்.

21 பிப்ரவரி, செவ்வாய்

அடுத்த கப்பல். பெல்ட்டைக் காட்ட, துரை கம்பெனிப் பெரியவர்களை அழைத்து வந்திருந்தார். பட்டை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பவுனம்மாள் ஒரு கையையும் தூக்கவில்லை. இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டாள்.

இரண்டு வரிசையும் நின்றன. தலையில் கூடையோடு. ஒருத்தியும் கொட்டவில்லை. ஏறிக்கொண்டிருந்த கடைசிக் கல்லும் கப்பலில் விழுந்தது. அப்புறம் வெறும் பட்டை மட்டும் ஓடியது.

"கப்பலுக்கு இம்மாம்னு கூலி பேசு தொரை. கல்லு தானா வுழும்" என்றாள் பவுனம்மாள்.

துரை என்னைப் பார்த்துக் கத்தினார். அவளுகளைப் பிடித்துத் தள்ளு, கூடையைப் பிடுங்கிக் கொட்டு என்றார். நான் அசையவில்லை. எத்தனையோ நாள் அந்த பெல்ட்டைப் பார்த்து மலைத்திருக்கிறேன், இப்படி மலைத்ததில்லை. வெயிலில் கழுத்து நரம்பு புடைக்க, இரண்டாம் வரிசைக்கு முன்னால் நின்றவள் என் மனைவி.

22 பிப்ரவரி, விபூதிப் புதன்

கப்பல் கணக்குக் கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். எனக்கு வேலை போயிற்று.

காலையில் கோயிலிலிருந்து நெற்றியில் விபூதிச் சிலுவையோடு அடைக்கலமேரி நேரே யார்டுக்கு நடந்தாள். அவளுடைய கஞ்சித் தூக்கை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கேட்டுக்கு உள்ளே என்னை விடவில்லை. அவள் தூக்கை வாங்கிக்கொண்டு, "வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ" என்றாள்.

போகவில்லை. மதிலுக்கு மேலே பெல்ட் தெரிந்தது. கல் நிறைந்து போய்க்கொண்டிருந்தது.