விடுவிக்கப்படாத சிப்பாய்

முடிச்சூர்,
தை மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள ஜெர்சன் அண்ணனுக்கு,

எப்சி எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்று ஆரம்பித்தால் அம்மாவுக்குப் பிடித்திருக்கும். அம்மா இல்லை, நாங்கள் சுகமாகவும் இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரலைப் போடுகிறாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. உன்னோடு வேலை பார்க்கும் தௌசிப் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவை முதியோர் ஹோமில் சேர்த்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொன்னாய். முழுவதும் படித்துவிட்டு நீயே சொல்.

கார்த்திகை மழை விட்டதிலிருந்து அப்பா விடியும் முன்பே எழுந்துவிடுகிறார். முகம் மழித்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, துருவேறிய அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியோடு கிளம்புகிறார். லீவு முடிந்துவிட்டதாம், முப்பது வருடத்துக்கு முன்பே விட்டு வந்த ராணுவ யூனிட்டில் போய் ரிப்போர்ட் செய்ய வேண்டுமாம். தாமதித்தால் ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்களாம். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். இந்த மாதப் பனியில் முடிச்சூர் சாலை சாலையாகவே இல்லை. தெருவிளக்குகள் கம்பத்தை விட்டுக் கழன்று தனியாக மிதக்கின்றன. பால் வண்டிக்காரர் வருவது தெரிவதில்லை, மணிச்சத்தம் மட்டும் நம்மைக் கடந்து போகிறது. முன்னால் அப்பாவின் முதுகு. அந்த முதுகுக்கு அறுபது வயது தாண்டியதாகத் தெரியவில்லை, முப்பது வயதுக்காரன் விறைப்பாகப் போவது போல இருக்கிறது. சில நாள் எனக்கே குழம்பிவிடுகிறது. நான் இன்னும் பிறக்காத ஏதோ ஒரு வருடத்துக்குள் அவர் நடந்து போகிறார், நான் அனுமதி இல்லாமல் கூடவே நுழைந்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

தாம்பரம் ஸ்டேஷனில் போய், டெல்லி போகிற ஜி.டி. எக்ஸ்பிரஸ் எந்த பிளாட்பாரம் என்று கேட்பார். டீ விற்பவர் தினமும் அதே பதிலைச் சொல்கிறார்: “பெர்சு, அது சென்ட்ரல்ல கீது. இங்க நின்னுகினு இருந்தா அது இன்னா உன்னத் தேடிகினு வருமா?” அப்பா அவருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடுவார். வெயில் ஏறிய பிறகு நான் கையைப் பிடித்தால் எழுந்து வருவார்.

போன வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது ஷேர் ஆட்டோ ஒன்று தோளில் இடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை. மிலிட்டரியில் இருந்தவர், பார்த்து ஓட்டக்கூடாதா என்று நான் கத்தினேன். “மிலிட்டரின்னா ரோடு இன்னா உங்க வூட்டுதா?” என்றான் டிரைவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இதே ஆட்கள் இன்னும் சில நாளில் குடியரசு தினத்துக்குச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு நிற்பார்கள். அன்றிலிருந்து சில நாள் கேட்டைப் பூட்டி வைத்தேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், கோபப்படவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் இப்படிக் கிளம்பத் தொடங்கியபோதே, டிஸ்சார்ஜ் ஆன சான்றிதழைக் கையில் கொடுத்தால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். அது 2015 வெள்ளத்தில் கூழாகிப் போனது உனக்குத் தெரியும். அவருடைய ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு நகல் கேட்டு எழுதினேன். பதில் வர நாளானது. அதற்குள் ராணுவச் சட்டத்தையும் விதிகளையும் இறக்கிப் படித்தேன். உனக்கும் எனக்கும் தெரியாத எவ்வளவோ அதில் இருக்கிறது அண்ணா. டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. டிஸ்மிஸ் என்பது தண்டனை. டிஸ்சார்ஜ் பல வகை. காலம் முடிந்து போகிறவர், உடம்பு முடியாமல் போகிறவர், தானே கேட்டுப் போகிறவர், இனித் தேவையில்லை என்று அனுப்பப்படுகிறவர், ஒவ்வொருவருக்கும் தனிப் பிரிவு. எந்த வகையானாலும், எந்த அதிகாரி விடுவித்தார், என்ன காரணம், எத்தனை காலம் பணி என்று சிப்பாயின் தாய்மொழியிலும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். இந்த நாட்டில் ஒரு சாதாரண ஆளுக்கு அவன் பாஷையில் காரணம் சொல்ல வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.

நகல் வந்தது. சுவிசேஷமுத்து சித்தப்பா ஊரெல்லாம் சொன்னாரே, குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததால் துரத்திவிட்டார்கள் என்று. நீயும் அதை நம்பித்தானே சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கேட்டாய், அதே மாதம் விமானம் ஏறினாய்? அப்பா குடித்தது உண்மை. அது மறைமலை நகர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்ற காலத்தில். ராணுவத்திலிருந்து அவரை யாரும் துரத்தவில்லை. சொந்த விருப்பத்தின் பேரில், குடும்ப நெருக்கடி காரணமாக விடுவிப்பு. நடத்தை, மிக நன்று. தேதி, 1991 ஆகஸ்ட்.

அந்த வருடத்தை யோசித்துப் பார். உனக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எழும்பூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாய் என்று அம்மா சொல்வாள் இல்லையா? நீ எழுந்து உட்கார்ந்ததே கிறிஸ்துமஸுக்குத்தான் என்பாள். இரண்டையும் நாம் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. இன்னும் ஐந்து வருடம் இருந்திருந்தால் பென்ஷன். அது இல்லாததால் விதிப்படி அவர் முன்னாள் ராணுவத்தினரும் இல்லை. சங்கத்தில் போய்க் கேட்டேன், உறுப்பினராகச் சேர்க்க முடியாது என்றார்கள். பத்து வருடம் பனியில் காவல் நின்றவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு வந்துவிட்டால் அவனுக்குப் பெயரே கிடையாது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, எல்லோரையும் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இதை அப்பா ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று அவர் மேலும் கோபம்தான்.

சான்றிதழைத் தினமும் காலையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்பார். “நல்லா படிக்கிறியேம்மா. ஆனா சி.ஓ. சாப் என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே” என்பார். கமாண்டிங் ஆபீசர்தான் சொல்ல வேண்டுமாம். பெட்டியை எடுத்துக்கொள்வார்.

பின்தெரு காஜா பாயிடம் அழுதேன். அவரும் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். “நீ பேஜாராவாதம்மா, நானே சி.ஓ.வா வந்து ரிலீஸ் பண்ணிடறேன், முடிஞ்சிது கேஸு” என்றார். பழைய யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வந்தார். தொப்பை பித்தானை மீறி நின்றது. அப்பா விறைப்பாக எழுந்து நின்றார். “சிப்பாய் தயாளன், இன்றோடு உங்களை விடுவிக்கிறோம்” என்றார் காஜா பாய், பாவம், பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார் மாதிரி செந்தமிழில். அப்பா அவர் சட்டைக் கையில் இருந்த மூன்று பட்டிகளையே பார்த்தார். “நீங்க ஹவில்தார். இதுக்கு உங்களுக்கு அதிகாரம் இல்ல சாப்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பெல்ட்டு எறங்கி கீது, சி.ஓ. பாக்கறதுக்குள்ள சரி பண்ணுங்க” என்றார். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை. “பையன் ஆஸ்பத்திரில இருக்கான்னுதான் லீவு கேட்டேன் சாப். அவன் தேறிட்டானாம், பாப்பா சொல்லுச்சு. அப்புறம் நான் எப்படி வூட்ல உக்காந்திருக்கறது?” என்றார்.

பாப்பா என்றது என்னை. அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. தினமும் எழுந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, ஜெர்சன் எப்படி இருக்கான் என்பதுதான். நன்றாக இருக்கிறான்பா, கவலைப்படாதீங்க என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். நான் அப்படிச் சொல்லச் சொல்ல, அவர் பெட்டியை எடுத்திருக்கிறார்.

மறுநாள் கேட்டபோது, இன்னும் ஜுரம் விடவில்லை அப்பா என்றேன். பெட்டியைக் கீழே வைத்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அன்று கேட்டைப் பூட்டவில்லை. ஆனால் உன் அறைக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, துணியை நனைத்துப் பிழிந்து தலையணைமேல் போட்டார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார். மேலே ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் சுற்றும்போது, பிள்ளை எழுந்துவிடுவான் என்று ஜன்னலைச் சாத்தினார். மதியத்துக்கு மேல்தான் கை நின்றது. “பிள்ளைய எங்கம்மா? பிள்ளையக் காணோமே?” என்று என்னைப் பார்த்தார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். இதோடு நான்கு நாள் அதே பொய். எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

ஹோமில் விட்டால் அவர்களும் பூட்டித்தான் வைப்பார்கள். பெரிய லீவு வேண்டாம். கிடைக்கிற லீவை எடுத்துக்கொண்டு வா. யாரிடமும் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்லி உனக்குப் பழக்கமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் வந்து அந்தக் கட்டிலில் படு. அவர் நெற்றியில் துணி போடட்டும். உன் முகத்தை அவருக்கு அடையாளம் தெரியுமா என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் அண்ணா. அவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்கும்போது, நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கை,
எப்சி