வேலியைப் பார்த்து மட்டம் பிடித்தவன்

டைரோன்,
மார்ச் 3

அன்புள்ள ப்ரோனா,

பெர்த்தின் வெயில் உன்னை அதிகம் வாட்டவில்லை என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு தணிந்திருக்கிறது, எனக்குத்தான் இரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, அது ஏன் என்று உன் அண்ணன் ஃபெர்கல் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு எனக்குப் புத்தி சொல்லி எழுதியிருக்கிறாய். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன். நடந்ததை முழுக்கப் படி.

ஃபெர்கல் மேலாளராக இருக்கும் மணல் குழிக்குப் புதுச் சல்லடை வண்டி வந்திருக்கிறது, சங்கிலிச் சக்கரத்தில் தானே நகர்ந்துபோய், நின்ற இடத்திலேயே மணலைச் சலித்துக் கழுவும். நல்ல வண்டி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரி திரும்ப வசதி என்று அதைச் சரிவில் நிறுத்தி, எதிரே இருக்கும் முள்வேலியைப் பார்த்து மட்டம் பிடித்திருக்கிறான். அந்த வேலியே குன்றோடு சேர்ந்து சாய்ந்தது என்று இந்த ஊர்க் கழுதைக்கும் தெரியும். மணல் முழுக்க வலப்பக்கமாகவே குவிந்து ஓடுகிறது, இடப்பக்கத்துக் குழாய்கள் காற்றைக் கழுவிக்கொண்டிருக்கின்றன. ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மறித்து, பாதுகாப்பு வகுப்பு முடிச்ச அட்டை இருக்கா டாடி, இல்லன்னா உள்ள விட முடியாது என்றான். பால் பண்ணையில் கழித்துப்போட்ட தொட்டியை வெட்டி ஒட்டி, யாரிடமும் கேட்காமல், அந்தக் குழியில் முதன்முதலாக மணல் கழுவியவன் நான். வண்டி மட்டமா நிக்கலடா என்றேன். இந்த ஊர்ல மட்டமா இருக்கறது கிளாஸ்ல ஊத்தின பீர் மட்டுந்தான், போய் அதப் பாருங்க என்று வேலையாட்கள் முன்னால் சிரித்தான். அப்போதுதான் குருட்டுப் பயலே என்றேன். அதற்குத்தான் மன்னிப்பு.

வாசலில் லாரி சிந்திய மணலை அள்ளி வந்து, ஜாம் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். காலையில் மணலுக்கு மேலே ஒரு விரல் கனத்துக்குச் சேறு படிந்திருந்தது. மணல் சுத்தம் என்று சோதனைக்கூடம் கொடுத்த தாள் இருக்கிறது என்கிறான் உன் அண்ணன், அது இந்த வண்டி வருவதற்கு முன் அனுப்பிய மணலுக்குக் கொடுத்த தாள். இந்த மணலில்தான் நம் பள்ளியின் புது வகுப்பறைக்குத் தரை போடப் போகிறார்கள். அவன் பெற்ற ஐஃபாதான் செப்டம்பரில் அங்கே உட்காரப்போகிறாள், தரை அதற்குள் பொரிந்து பெயர்ந்தால் யாரைக் கேட்பான். அப்பனும் மகனும் ஒரே பாறையில உடைஞ்ச சல்லி, எதச் சலிச்சு எத எடுக்க என்கிறாள் உன் அம்மா. அவளுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். பதினேழாம் தேதி பேட்ரிக் திருநாள் கழிந்த மறுவாரம் தரை போடுகிறார்கள், ஆகவே இது கைக்கு வந்ததும் ஃபெர்கலைப் போனில் கூப்பிடு. வலது சங்கிலிக்கு அடியில் நாலு அங்குலக் கட்டை வைக்க வேண்டும், கழுவிய மணலை மறுபடி கழுவ வேண்டும். நான் சொன்னதாகச் சொன்னால் செய்ய மாட்டான், நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள். நான் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா,
மலக்கி