பத்து நாளில் முடியிற வருசம்

செவ்வாய், இரவு.

நாளைக்குப் பத்தாம் வகுப்புக்கு எடுக்கப்போற பாடத்தை வீட்டில சொல்லிப் பாத்திருக்கக் கூடாது. மச்சாள் இறால் உரிச்சுக்கொண்டிருந்தா. நமக்குக் கிட்ட இருக்கிற ஒரு சின்ன நட்சத்திரத்தைப் பூமியை விடப் பெரிய கோள்கள் சுத்துது, சூப்பர் பூமி எண்டு சொல்லுவாங்க எண்டன். நட்சத்திரத்தை ஒட்டியே சுத்துறதால அங்க ஒரு வருசம் பத்து நாளுக்குள்ள முடிஞ்சிரும் எண்டும் சொன்னன்.

மச்சாள்ட கை நிண்டுது.

"அங்கயெண்டா உங்கட அண்ணனுக்கு இதுக்குள்ள எத்தினை திவசம் குடுத்திருப்பம்?"

வாகரைக் கடலுக்குப் போன அண்ணன்ட வள்ளம் திரும்பாமல் வாற மாசம் ஒரு வருசம். திவசம் எண்ட சொல்லை இந்த வீட்டில இதுவரைக்கும் ஒருத்தரும் வாயில எடுக்கல்ல. அண்ணன் கட்டின தாலியை மச்சாள் இன்னும் கழட்டல்ல. குசினிக்குள்ள சட்டி கழுவின அம்மாக்கும் அது கேட்டிருக்கும். நான் ஏன் வாயைத் திறந்தன்?

அண்ணன் வந்தாச் சாப்பிட எண்டு ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறது அம்மாதான். இண்டைக்கு வைக்காமலே போய்ப் படுத்திட்டா.

மச்சாள் எழும்பிப் போய், தான் சாப்பிட எடுத்த சோத்தை அப்பிடியே மூடி வைச்சா.