விளக்கு வைத்த நேரத்துச் சம்மதம்

தவம்பெற்ற நாயகி துணை

இராஜபாளையம்
4.8.95

அன்பு மகள் செண்பகவல்லிக்கு அம்மா எழுதுவது. அம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்பும் மனசும் நன்றாயிருக்க வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மில்லுக்குப் போய் வருகிறார். ஆடிக் காற்று வீட்டுக்குள் மண்ணை வாரிக் கொட்டுகிறது, கூட்டி மாளவில்லை.

மாசியில் நீ உன் ஆராய்ச்சிப் படிப்புக்காக வந்து, தேவதானத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் வீடு வீடாகப் போய், காற்றாலை வருவதில் சம்மதமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாயே, அதில் ஒரு நகலை மரியாதைக்கென்று கம்பெனி என்ஜினியர் காளிராஜிடமும் கொடுத்தாயே, அதனால் இப்போது பெரிய சங்கடம். மேய்ச்சல் தரிசைச் சுற்றிக் கம்பி வேலி போடுகிறார்கள். உனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த பிச்சையம்மாளின் ஆடுகளுக்கு ஒதுங்க இடமில்லை. பெண்கள் திரண்டு போய்க் கேட்டதற்கு, "ஊரே சரின்னு சொல்லியிருக்கீகளே, படிச்ச பிள்ள பொய்யா எழுதியிருக்கும்?" என்று காளிராஜ் உன் காகிதத்தைக் காட்டிச் சிரித்தாராம். போன வெள்ளி அவள் கோயிலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டி, பிறகு எதற்குச் சரி என்றாய் என்று நானே கோபப்பட்டேன். "பொம்பளப்பிள்ள விளக்கு வச்ச நேரத்துல வாசல்ல வந்து நிக்குது, அப்பப் போயி வேண்டாம்னு சொல்லுவமா தாயி, வீடு வெளங்குமா? காலையில கேட்டிருந்தா எம்புட்டு வஞ்சிருப்போம்!" என்றாள். பகலில் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றுதானே நீ பொழுது சாய்ந்து போனாய். நம் வீட்டிலும் அந்நேரம் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்றுதானே சொல்வோம், உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உன் படிப்பு எனக்குத் தெரியாது. வீட்டுக் கணக்கில் எழுத்தை மட்டும் பார்த்து நான் மளிகை வாங்குவதில்லை, டப்பாவையும் திறந்து பார்ப்பேன். அதுபோல எண்ணிக்கையோடு, பகலில் ஆட்டுக்குப் பின்னால் அவர்களோடு நடந்து பேசுவதையும், பெண்களைத் தனியே கேட்பதையும் சேர்த்துக்கொள்ள உன் வாத்தியார் விடுவாரா? அப்பா தாலுகா ஆபீசுக்குப் போய் அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். காகிதம் இருக்கையில் வாய்ப்பேச்சை எப்படி எடுப்பது என்று அனுப்பிவிட்டார்கள்.

பிச்சையம்மாளுக்கு உன்மேல் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உங்க மக ஒரு வார்த்த எழுதுனா வேலி நின்னுரும்ல தாயி" என்கிறாள். நிற்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் எழுது. கம்பெனிக்கு எழுது, அவளுக்கும் அவள் பேரைப் போட்டுத் தனியாக எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே. அம்பாள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா
ஆவுடையம்மாள்