பூ இல்லாத முள்ளுக்கரண்டி

என்னோடு கூடப்பிறந்த, என் உயிரில் பாதியான ராத்தா,

உங்கள் கபுறை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். வீட்டு வேலைக்குப் போன குவைத்து மண்ணிலேயே உங்களை அடக்கிவிட்டார்கள். கல்முனைக்குடியில் இருந்துகொண்டு நான் எங்கே வந்து ஸலாம் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு சங்கதி என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. என் கலியாணத்துக்கென்று எவர்சில்வர் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் கத்தியும் கொண்டு வந்தீர்களே, அதை ஏன் எடுத்தீர்கள்? வெளிநாடு போன மற்றப் பெண்கள் பிடியில் தங்கப் பூப் போட்ட செட்டுகளை அல்லவா கொண்டு வந்தார்கள்? உங்களுடையதில் ஒரு பூ இல்லை, ஒரு கோடு கூட இல்லை. முள்ளின் பல்லெல்லாம் கட்டை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து சாமான் பார்க்க வந்த மாமியின் வாய் சும்மா இருக்குமா? "என்னகா இது, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி மொட்டையாக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டார். என் முகம் செத்துப் போயிற்று. நீங்களோ சிரித்தீர்கள். "கையில எடுத்துப் பாருங்க மாமி." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. கத்தி கருவாட்டை வெட்டவில்லை, கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்று, ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சாணை பிடித்து வந்தார்! நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இப்போது மீன் வெட்ட அதுதான் நல்ல கத்தி.

மிச்சமெல்லாம் ஷோகேஸுக்குள், டேப் ரெக்கோடருக்குப் பக்கத்தில். விருந்தென்றால் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுகிற சனம் நாம். ஆனாலும் சில நேரம் ஒரு கரண்டியை எடுத்துப் பிடித்துப் பார்ப்பேன். பெருவிரல் தானாகப் போய் ஓரிடத்தில் உட்காரும். அந்த இடத்தை யார் யோசித்து வைத்தது? அதோடு இன்னொரு கேள்வியும் வரும்: தங்கச்சிக்கு இது போதும் என்று நினைத்தீர்களா, ராத்தா?

போன கிழமை றாபியா வந்தாள். உங்களோடு அதே வீட்டில் வேலை செய்த சம்மாந்துறைப் புள்ளை. அவளிடம் கேட்டே விட்டேன்.

"ஓம், நானும்தான் கடைக்குக் கூடப் போனன். முப்பது வருசத்துக்கு முந்தி, குளிர் நாட்டில ஆரோ கீறின படத்தப் பாத்துச் செஞ்சதாமெண்டு கடைக்காரன் சொன்னான். ராத்தா அதக் காதில வாங்கவே இல்ல. ஒவ்வொண்டா விரலால தடவித் தடவிப் பாத்தா."

"என்னத்துக்கு?"

"மேடத்துட ஊட்டுக் கரண்டியெல்லாம் பூதானே. பூவுக்குள்ள அழுக்குப் போய் ஒளிஞ்சிக்கும். ஊசியால கிண்டித்தான் கழுவுவம். விருந்து வந்தாப் போதும், விரலெல்லாம் வெடிச்சுப் போகும். 'இதுல அழுக்கு ஒளிய இடமில்ல றாபியா, கழுவப்போறது என்ட தங்கச்சி' எண்டா."

அதற்குப் பிறகு அவள் கதைத்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. லீவில் வந்து நின்ற நாளெல்லாம் அந்த விரல்களை மருதாணியால் மூடி வைத்திருந்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். என் மகள் அந்தக் கரண்டியால்தான் வட்டிலப்பம் தின்கிறாள். தின்று முடிந்ததும் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன், பளிச்சென்று ஆகிவிட்டது.

அவள் வளர்ந்த பிறகு வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எந்த ஏஜென்சிக்காரன் வாசலில் வந்து நின்றாலும் சரி, இன்னொருவர் வீட்டுக் கரண்டி கழுவ அவளை அனுப்பமாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

கை நோகாமல் நீங்கள் வாழவைத்த,
உங்கள் தங்கச்சி