யாருங்க என்று கேட்கும் பெட்டி

இன்று காலை உன் பெட்டி என்னை உள்ளே விடவில்லை.

தப்பு என்னுடையது இல்லை, மத்தி மீனுடையது. நேற்று மீன் ஆயும்போது அரிவாள்மணை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்து காத்திருந்த ஒரு பெரியவரின் கோப்பை எடுக்கப் போனேன். வழக்கம்போல் உன் பெட்டியின் பச்சைக் கட்டம் திரையில் வந்து "யாருங்க?" என்று கேட்டது. "நாந்தான்" என்று அடித்தேன். மறுபடியும் "யாருங்க?" என்றது. கட்டு விரலைத் தூக்கிக்கொண்டு அடித்தேன், நடு விரலால் அடித்தேன். அதற்கு அந்த ஒரு கேள்விதான் தெரியும்.

பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஒங்க கம்ப்யூட்டருக்கே ஒங்கள அடையாளம் தெரியலயா?" என்றார். சிரித்துவைத்தேன். மாலை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, காலியாக இருக்கும் உன் நாற்காலியைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். போன பிறகும் என்னைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாயே, உனக்கு நான் என்ன பாவம் செய்தேன் என்று. பிறகு அழுதேன். அழுததற்கும் நீதான் பொறுப்பு.

இந்தப் பெட்டி உண்டான மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாஸ்வேர்டை மறப்பவர்கள். பிள்ளை பெயரை வைப்பார்கள், எந்தப் பிள்ளை என்பதை மறந்துவிடுவார்கள். அவர்களுடைய பத்திரங்களைப் பூட்டிவைக்க ஒரு வழி வேண்டும் என்று நீ புலம்பிக்கொண்டே இருந்தாய். அன்று மின்சாரம் போனதால் மாதா கோயில் பக்கம் உன் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்தே "யாரு?" என்றார். வெளியிலிருந்து "நாந்தான்" என்று ஒரு குரல். "தெறந்துதான் கெடக்கு, வா" என்றார் அம்மா. மீன்காரம்மா உள்ளே வந்தார்.

நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாய். "பாத்தியா வசந்தி? பேரையா சொன்னாங்க? நாந்தான்னாங்க. ஊர்ல அத்தன பேரும் நாந்தான்னுதான் சொல்றோம். அம்மா வார்த்தைய வச்சா உள்ள வரச் சொன்னாங்க? சொன்ன விதத்த வச்சு!"

அப்படித்தான் வந்தது அது. வார்த்தை ரகசியம் இல்லை, எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். அதை அடிக்கும் விரல்தான் சாவி. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம், எந்த விசையை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதை எல்லாம் உன் புரோகிராம் அளந்து வைத்துக்கொண்டது. கால் போடுவதில் நான் வேகமாம், புள்ளி வைப்பதில் தயக்கமாம். "புள்ளி வைக்கவே இப்புடி யோசிக்கிறியே, ஒன்ன எப்புடித்தான் ஒம்புருஷன் கட்டிக்கிட்டாரோ" என்று கேலி செய்தாய். நீ அடிப்பதைப் பார்த்தால் கோழி கொத்துவது மாதிரி இருக்கும் என்று நானும் விடவில்லை.

பெட்டிக்குள் நம் இரண்டு பேருடைய விரலையும் பதிந்தாய். மூன்றாவது ஆளுக்கு இடமே வைக்கவில்லை. ஒருவர் மற்றவரை எடுத்துவிட்டு வேறு ஆளைச் சேர்க்கலாம், ஆனால் தன்னைத்தானே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று கேட்டேன். "ரெண்டு பேரும் கோச்சுக்கிட்டு வெளிய போயிட்டா யாரு தெறக்குறது?" என்றாய். நாம் பாலிடெக்னிக்கில் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த மாதத்தை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறாய் என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

கோப்பைச் சுருக்கும் வேலையும் உன் மூளைதான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் நம் கடைக்கு வந்த பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றுக்கு விண்ணப்பிப்பவர்கள். எத்தா சிவில் என்று பெரியவர்கள் சொல்லும் பிறப்புப் பதிவின் பழைய நகலைக் கொண்டுவருவார்கள். நாலாக மடித்து, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்து, பழுப்பேறிப் போன காகிதம். அதை எழுத்துத் தெளிவாக ஸ்கேன் செய்தால் கோப்பு மிகப் பெரிதாகிவிடும், பிரெஞ்சு அரசின் இணையதளம் ஏற்காது. வழக்கமான முறையில் சுருக்கினால் எழுத்து மங்கிவிடும். ஏற்காத கோப்பை வைத்துக்கொண்டு ஒரு கிழவி கடை வாசலில் அழுதது உனக்குப் பொறுக்கவில்லை.

நீ மையை வேறாகவும் காகிதத்தை வேறாகவும் பிரித்தாய். காகிதத்தின் கறையையும் மடிப்புக் கோட்டையும் அழித்தாய். மிஞ்சிய எழுத்துகளில் ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் எல்லாம் அதையே ஒட்டச் செய்தாய். "அச்சு ஒண்ணு போதும்டி, எத்தன முறுக்கு வேணாலும் சுடலாம்" என்றாய். கோப்பு சுண்டிப்போய், எழுத்து மட்டும் நேற்று எழுதியதுபோல் நின்றது. உன்னை ஊரே கொண்டாடியது. பெரிய ஸ்கேனை மட்டும் நீ ஒருபோதும் தூக்கிப் போடவில்லை. சுருக்கியது விண்ணப்பத்துக்கு, சுருக்காதது பெட்டிக்கு என்பது உன் சட்டம்.

உன் அம்மாவின் விண்ணப்பத்தையும் நீதான் அனுப்பினாய். பிரான்சில் இருக்கும் உன் அண்ணனிடம் அம்மா போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய ஆசை, உனக்கும் அதுதான் ஆசை. ஆனால் பிறந்த ஆண்டு பொருந்தவில்லை என்று அங்கிருந்து திருப்பிவிட்டார்கள். நாம் அனுப்பிய நகலின்படி உன் அம்மா தன் அக்காவுக்கே அக்காவாகியிருந்தார். "நல்லவேள, எங்க அம்மாச்சிக்கு மூத்தவளாக்கல" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாய். பெரிய ஸ்கேனையும் சுருக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாய். அப்புறம் நீ சிரிக்கவில்லை.

பழைய பதிவில் ஆண்டின் கடைசி எண் ஏழு. பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் ஏழு, இடுப்பில் குறுக்குக் கோடு போட்டது. அவர்கள் ஒன்று எழுதினால் நீளமாக மூக்கு வைத்து நம் ஏழு மாதிரியே எழுதுவார்கள். உன் புரோகிராம் அந்தக் குறுக்குக் கோட்டை மடிப்பு என்று நினைத்து அழித்திருந்தது. கோடு போன ஏழும் மூக்கு வைத்த ஒன்றும் ஒரே மாதிரி தெரியவே, ஏழு இருந்த இடத்தில் ஒன்றை ஒட்டிவிட்டது.

"எங்க அம்மா இப்புடித்தான் ஏழு போடுவாங்க வசந்தி. எனக்கும் இப்புடித்தான் சொல்லிக்குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல டீச்சர், எழுதிட்டு ஏன் அடிக்கிறன்னு கையிலயே போட்டாங்க. அன்னிக்கு விட்டது. எனக்கே அது மறந்துபோச்சு, பாரேன்."

மெஷின் செய்த தப்புதானே, விடு என்றேன். உனக்கு வந்த கோபத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. "மெஷின் மேல பழி போடாத. அதுக்குச் சொல்லிக்குடுத்தவ நான்." அன்றே அந்தப் புரோகிராமை நிறுத்தினாய். நம்மிடம் சுருக்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீயே போன் போட்டுச் சொன்னாய். ஒருவர் உன்னைக் கள்ள நகல்காரி என்றார். அடுத்த குடும்பத்தின் எண்ணை அழுத்தினாய். ஒவ்வொரு கோப்பாக ஒப்பிட்டுத் திருத்திக் கொடுக்க ஆரம்பித்த நேரத்தில்தான் மஞ்சள் காமாலை வந்தது. சாதாரணக் காமாலை என்றுதான் நாம் எல்லாரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு விடாம பக்கத்துல வச்சுப் பாத்துக் குடுத்துரு" என்றாய். சரி என்றேன். அந்த ஒரு சரிதான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது.

நீ போன பிறகு கொஞ்ச நாள் பெட்டி எனக்குத் திறக்கவேயில்லை, அது உனக்குத் தெரியாது. புள்ளி வைக்குமிடத்தில் தயங்கித் தயங்கி நின்றுவிட்டேன் போலிருக்கிறது. துக்கப்படும் வசந்தியை நீ அதற்குள் பதியவில்லையே.

திறந்ததும் முதலில் உன் அம்மாவின் சரியான நகலைத்தான் எடுத்து அனுப்பினேன். அவரிடமிருந்த காகிதம் புயல் மழையில் பீரோவோடு நனைந்து கூழாகிப் போயிருந்ததால், பெட்டிக்குள் இருந்ததுதான் மிச்சம். பிரான்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ஒரே பதிவுக்கு இரண்டு நகல், இரண்டும் வேறு வேறு, தவறு எப்படி நேர்ந்தது, செய்தவர் யார் என்று எழுத்தில் விளக்க வேண்டும்.

உன் அம்மா முடியாது என்றுவிட்டார். "எம் பொண்ணு தப்பாப் பண்ணிட்டான்னு நான் எழுதி அந்த நாட்டுக்குப் போகணுமா? அவ பேருல கரி பூசிட்டு எனக்கு எந்த ஊரும் வேணாம்." உன் அண்ணன் அங்கிருந்து என்னிடம் கத்தினார். "அம்மாகிட்ட கேக்காதீங்க வசந்தி, நீங்களே எழுதி அனுப்பிடுங்க. தனியா கெடந்து சாகப்போறாங்க." எழுதினால் உன் அம்மா என் முகத்தில் விழிக்கமாட்டார். எழுதாவிட்டால் அந்த வீட்டுக்குள் ஒற்றை ஆளாக அடைந்து கிடப்பார். பூசைக்கு மட்டும் வெளியே வருவார், வந்தவுடன் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தத் தெரு வழியாகப் போவதையே நான் விட்டுவிட்டேன். வண்டியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனேன். யாரை நினைத்து எரிச்சல் படுவது என்றே தெரியவில்லை. கடைசியில் உன்மேல்தான் பட்டேன்.

ஒருநாள் துணிந்து போய்க் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றார். "நாந்தான்" என்றேன். "தெறந்துதான் கெடக்கு" என்றார்.

அவரை வண்டியில் உட்காரவைத்துக் கடைக்கு அழைத்துவந்தேன். பெரிய ஸ்கேனைத் திரை முழுக்க விரித்து, அந்த ஏழைக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய அடியைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியவே தெரியாதாம். "வீட்ல வந்து சொல்லவேயில்லையே" என்று திரையில் அந்த ஏழின் இடுப்பை விரலால் தடவினார். பழி போடாதே என்று நீ என்னை அதட்டியதையும் சொன்னேன். "அப்புடியா சொன்னா?" என்றார். "அப்புடியேதான்மா, என்னக் கொன்னே போட்டுருப்பா." முதல் தடவையாக லேசாகச் சிரித்தார்.

பிறகு காகிதம் கேட்டார். பிரெஞ்சில் தானே எழுதினார். முடித்துவிட்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். என் மகள் ஒரு தவறு செய்தாள். அதை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள், அன்றே எல்லாருக்கும் சொன்னாள். தேதியில் ஒரு ஏழு இருந்தது. நிதானமாக அதன் இடுப்பில் கோடு போட்டார்.

சான்று வந்தது. உன் அம்மா அண்ணனிடம் போய்விட்டார். கிளம்பும்போது என் கன்னத்தைப் பிடித்து, "நான் போறேன்ல? நீயும் போ புள்ள. ஒம் புருஷன் எத்தன நாளைக்குத்தான் கடைச் சோறு திம்பாரு?" என்றார். என் வீட்டுக்காரர் வேலை மாறிக் கோயம்புத்தூருக்குப் போனதிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் அதே கேள்விதான்: எப்ப வர்ற? பிரான்சிலிருந்து உன் அம்மாவும் போன் செய்கிறார். "ஒரே குளிரு. வீட்டுக்குள்ளயேதான் கெடக்கேன்" என்கிறார். கதவைத் தட்ட அங்கே ஆளும் இல்லையாம்.

எனக்கும் வழி இல்லாமல் இல்லை. கோவில்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மும்தாஜ் மீதிக் கோப்புகளைத் தானே ஒப்பிட்டுக் கொடுப்பதாகச் சொல்கிறாள். நம்பலாம், உன்னைவிடப் பொறுமைசாலி. அவள் விரலைப் பதிந்துவிட்டால் நான் பஸ் ஏறிவிடலாம். ஆனால் பெட்டியில் இருப்பது இரண்டே இடம். என்னை நானே எடுத்துக்கொள்ள நீ விடமாட்டாய். எடுப்பதென்றால் உன்னைத்தான் எடுக்க வேண்டும். போன வாரம் அதுவரைக்கும் போனேன். "இவங்கள எடுத்துரலாமா?" என்று கேட்டது, நீ எழுதிய அதே எழுத்தில். கோழி கொத்துகிற மாதிரி அடிக்கும் உன் விரல்கள் இந்த உலகத்தில் வேறெங்கும் மிச்சமில்லை. புகைப்படத்தில் அது வராது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று மாலை கட்டைப் பிரித்துவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு அடித்தேன். திறந்தது. பெரியவரின் நகலை ஒப்பிட்டுக் கொடுத்தேன். அவருடைய பதிவில் இருந்த ஏழு தப்பித்திருந்தது. ரசீதில் தேதி போட்டபோது, "என்னம்மா, எழுதிட்டு அடிச்சுட்டீங்க?" என்றார். நான் அடிக்கவில்லை. இப்போதெல்லாம் என் ஏழுக்கும் இடுப்பில் கோடு உண்டு.

நாளைக் காலையும் அந்தப் பச்சைக் கட்டம் "யாருங்க?" என்று கேட்கும். நான் உடனே பதில் அடிப்பதில்லை. கொஞ்சம் இடம் விட்டுப் பார்க்கிறேன், ஒருவேளை நீ முந்திக்கொள்வாயோ என்று. பிறகு நான்தான் அடிக்கிறேன்.