ஜூன் ஒன்றாம் தேதி வரவில்லை

ஃபார்கோ,
மே 19

அன்புள்ள லீஃப்,

இடுப்பு வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே அலாஸ்காவில் நீயும் ஜோலீனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜூன் ஒன்றாம் தேதி நான் வரவில்லை. எனக்கென்று மாடியறைக்கு வர்ணம் அடித்து வைத்திருக்கிறாய், திட்டுவாய், திட்டிக்கொள். ஜன்னலில் கடல் தெரியும் என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன், ஆசை இல்லாமல் இல்லை. ஆனாலும் கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஜனாதிபதிக்கு எழுதிவிட்டேன், நல்லவேளை என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

தப்பு என்னுடையதுதான். இருபத்தாறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தவள், விலகும் தேதியை முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லலாமா? வான்கோழி வெட்டும் ஆலையில் கை கிழிந்து தையல் போட்டுக்கொண்ட டீனா என்ற பெண்ணை, மறுநாள் வரவில்லை என்று துரத்திவிட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜூரி அவள் பக்கம் சொன்னது. மேலே விசாரித்த நீதிபதிகள் எங்கள் மூன்று பேரில் வெண்டெலும் இன்னொருவரும் அதைக் கவிழ்த்தார்கள், நான் மாறுபட்டு நாற்பது பக்கம் எழுதி பிப்ரவரியிலேயே கொடுத்தேன். தீர்ப்பை வெளியிட வேண்டிய வெண்டெல் இன்னும் திருத்துகிறேன் என்றே நாளைக் கடத்தினார். போன் போட்டுக் கேட்டால், "என்ன அவசரம் ஆர்டிஸ், நீங்கதான் ஜூன்ல போயிடுவீங்களே, பேரப்பிள்ளைங்களோட மீன் பிடிங்க" என்று சிரிக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தீர்ப்பு வெளியாகும் நாளில் பதவியில் இல்லாதவளின் எழுத்து செல்லாது, எதிர்த்து ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். என்னைக் கிழவி என்று நினைத்தது சரி, ஏமாளி என்று நினைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனாதிபதிக்கு எழுதியதில் ஒரு நகலைத் திங்கட்கிழமை வெண்டெலுக்கும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது, மூன்று மாதம் திருத்தியவர் ஒரு வரிகூட மாற்றியிருக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று, தோற்றுத்தான் போனேன், டீனாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் என் நாற்பது பக்கத்தைக் காட்டி, எங்கள் கோர்ட்டின் எல்லா நீதிபதிகளும் உட்கார்ந்து வழக்கை மறுபடி கேட்க வேண்டும் என்று அவள் வக்கீல் நேற்றே மனு போட்டுவிட்டார். பதவியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதில் ஓட்டு, எனக்கும் ஒன்று உண்டு.

மாடியறையைப் பூட்டி வை. நீ அனுப்பிய புகைபோட்ட மீன் தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, நான் எப்போது வருவேன் என்று யார் கேட்டாலும், வெண்டெலே கூப்பிட்டுக் கேட்டாலும், "அம்மா தேதி சொல்லலை" என்று சொல்.

உன் அம்மா
ஆர்டிஸ் டோலஃப்சன்,
இன்னும் நீதிபதி